ஒன்றரை டன் ஏசி... எதோட எடை அது? மெட்ராஸுக்கு ஐஸ் அனுப்பிய ஃபிரெடரிக் டூடரின் கதை

மே மாதம். வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும். பைக்கை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், காவலூர் வருவதற்குள் காற்று கொஞ்சம் மாறியிருக்கும். காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையில் 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. மலை இலவசமாகத் தரும் ஏசி அவ்வளவுதான்.

மார்கழியில் இதே மலையில் விடியற்காலைப் பனி போர்வையை விடவிடாது. ஆனாலும் குளம் குட்டை உறையாது. ஜவ்வாது மலை மட்டுமில்லை, தமிழ்நாட்டில் வெட்டி எடுத்து விற்கும் அளவுக்கு ஏரி உறையும் ஊர் ஒன்றுகூட கிடையாது.

இப்போது மலையிறங்கி ஊருக்குள் ஒரு ஏசி கடைக்கு வருவோம். ஒரு டன் போதுமா, ஒன்றரை டன் எடுக்கணுமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் தூக்கி மாட்டிவிடும் மெஷினுக்கு ஒன்றரை டன் எடை எங்கிருந்து வந்தது? கேஸோட எடையா? அதுவும் இல்லை. வீட்டு ஏசியில் இருக்கும் கேஸ் ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே இருந்தாலே அதிகம்.

அது ஐஸின் எடை. ஐஸைக் கப்பலில் ஏற்றி, நிலநடுக்கோட்டைத் தாண்டி, மெட்ராஸ் வரைக்கும் கொண்டுவந்து விற்ற காலத்தின் மிச்சம். அந்த வியாபாரத்தைத் தொடங்கியவர் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டூடர். ஐஸ் கிங் என்று வரலாறு அழைக்கும் இவர், அந்தப் பட்டம் கிடைப்பதற்கு முன்னால் கடனுக்காக ஜெயிலுக்குப் போனவர்.

படிப்பை விட்ட வக்கீல் வீட்டுப் பையன்

டூடர் பிறந்தது 1783 செப்டம்பர் 4. அப்பா வில்லியம் டூடர் பாஸ்டனில் பெயர்பெற்ற வக்கீல். சகோதரர்கள் ஹார்வர்டில் படித்தபோது ஃபிரெடரிக் 13 வயதிலேயே படிப்பை விட்டுவிட்டார். வியாபாரம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பியவருக்கு ஆரம்பத்தில் எதுவும் பெரிதாக அமையவில்லை.

டூடர் குடும்பத்துக்கு பாஸ்டன் அருகே ஒரு பண்ணை இருந்தது. அங்கே ஒரு குளம். குளிர்காலத்தில் அது உறையும்போது பனிக்கட்டியை வெட்டி, நிலவறையில் சேமித்து, கோடையில் பானங்களைக் குளிரவைக்கவும் ஐஸ்கிரீம் செய்யவும் எடுப்பார்கள். அந்த ஊரில் வசதியான வீடுகளில் இது சாதாரண விஷயம்.

1801-ல், உடல்நிலை சரியில்லாத அண்ணன் ஜான் ஹென்றியுடன் கியூபாவின் ஹவானாவுக்குப் போனார் டூடர். உடம்பு தேறட்டும் என்று போன பயணம், வெப்பமண்டல வெயில் எப்படி ஒரு மனிதரை வதைக்கும் என்பதைக் காட்டியது. அடுத்த ஆண்டு ஜான் ஹென்றி இறந்துபோனார். நம் ஊர் கோடையில் காய்ச்சலோடு படுத்திருப்பவர் பக்கத்தில் ஒரு துண்டு ஐஸ்கூட இல்லாத நிலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், அந்தக் குடும்பம் பார்த்தது என்ன என்று புரியும்.

1805-ல் ஒரு குடும்பப் பேச்சில், நம்ம குளத்து ஐஸை கரீபியன் தீவுகளில் விற்றால் என்ன என்று இன்னொரு அண்ணன் வில்லியம் ஒரு யோசனையைப் போட்டார். சொன்னவர் விளையாட்டாகச் சொன்னார். கேட்டவர் விடவில்லை. அப்போது டூடருக்கு வயது 21.

முதல் கப்பல், முதல் அடி

ஐஸை ஏற்றிக்கொள்ள எந்தக் கப்பல் உரிமையாளரும் சம்மதிக்கவில்லை. உருகிய தண்ணீர் கப்பலின் அடித்தட்டில் தேங்கினால் என்ன ஆகும் என்பது அவர்கள் பயம். வேறு வழியில்லாமல், ஃபேவரிட் என்ற கப்பலை 4,750 டாலருக்குத் தானே வாங்கினார் டூடர். 1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் ஐஸோடு மார்ட்டினிக் தீவுக்கு அது புறப்பட்டது. உள்ளூர்ப் பத்திரிகை கேலி செய்தது. ஐஸ் வியாபாரம் காலை வழுக்கிவிடாமல் இருந்தால் சரி என்ற ரீதியில்.

மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான பயணத்தில் ஐஸ் நன்றாகவே தாக்குப்பிடித்தது. பிரச்சினை கரையில் இருந்தது. மார்ட்டினிக்கில் ஐஸை வைக்க ஒரு கிடங்கு இல்லை. வாங்கிய மக்களுக்கு அதை என்ன செய்வது என்றே தெரியவில்லை. வெயிலில் வைத்தார்கள், தண்ணீரில் போட்டார்கள், அது காணாமல் போனதும் ஏமாந்துவிட்டதாக நினைத்தார்கள். ஐஸ்கிரீம் செய்து காட்டினார் டூடர். கூட்டம் வியந்தது, ஆனால் கணக்கு முடிக்கும்போது சுமார் 4,500 டாலர் நஷ்டம்.

குளிர்ச்சியை உண்டாக்குவது ஒரு வேலை, அது போய்ச் சேரும் இடத்தில் காப்பாற்றுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையை டூடர் யோசிக்கவில்லை. புது ஏசி வாங்கி, மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு ஒரு திரைகூடப் போடாமல், கதவுக்கு அடியில் அரை விரல் சந்தும் விட்டுவிட்டு, மெஷின் சரியில்லை என்று புகார் சொல்பவரும் அதே தப்பைத்தான் செய்கிறார்.

ஜெயிலும் மரத்தூளும்

அடுத்த பத்து வருடங்கள் டூடருக்கு நரகம். 1807-ல் அமெரிக்கா வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை விதித்தது. பிறகு 1812-ல் பிரிட்டனுடன் போர். குடும்பச் சொத்தும் கரைந்திருந்தது. கடனைக் கட்ட முடியாமல் 1812, 1813 ஆண்டுகளில் ஜெயிலுக்குப் போனார். போர் முடிந்ததும், 1815-ல், கடன்காரர்கள் பின்னால் துரத்த, மறுபடி ஹவானாவுக்குக் கப்பலேறினார்.

இந்த முறை கையில் ஐஸ் மட்டுமில்லை, கிடங்கு கட்டுவதற்கான திட்டமும் இருந்தது. ஹவானாவில் இரட்டைச் சுவர் கொண்ட ஐஸ் கிடங்கைக் கட்டினார். வைக்கோல், மரத்தூள் என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். உருகி வடியும் தண்ணீரை, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தார். கதவு எத்தனை தடவை திறக்கிறது, அப்போது எவ்வளவு கூடுதலாக உருகுகிறது என்பதெல்லாம் கணக்கில் வந்தது.

கடைசியில் ஜெயித்தது மரத்தூள். காரணம் எளிது. வெப்பத்தைத் தடுப்பது மரத்தூளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். மேலும், அமெரிக்காவின் மெய்ன் மாநில மர அறுவை ஆலைகளில் மரத்தூள் குப்பையாகக் கிடந்தது. காசுக்குப் பெறாத பொருளை வைத்து, காசுக்குப் பெறாத குளத்து ஐஸைக் காப்பாற்றி விற்றார் டூடர்.

உங்கள் வீட்டு ஏசியின் இன்டோர் யூனிட்டிலிருந்து அவுட்டோர் யூனிட்டுக்குப் போகும் செம்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் கறுப்பு ஃபோம் உறை ஒன்று சுற்றியிருக்கும். அது செய்வதும் மரத்தூள் செய்த அதே வேலைதான். ஃபோமுக்குள் இருப்பது சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். வெயிலிலும் மழையிலும் அந்த உறை கிழிந்து போனால், குளிர்ச்சி வழியிலேயே போய்விடும். குழாய் வியர்த்துச் சுவரும் ஊறும். சரிசெய்யச் செலவு சில நூறு ரூபாய்தான். ஆனால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

பழக்கத்தை விற்றவர்

ஹவானாவுக்குப் பிறகு அமெரிக்காவின் தென்பகுதி ஊர்கள் வந்தன: சார்ல்ஸ்டன், சவானா, 1820-ல் நியூ ஆர்லியன்ஸ். டூடர் கையாண்ட வியாபார வித்தை இன்றைய ஆப் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். மதுக்கடைகளுக்கு முதலில் ஐஸ் இலவசம். குளிர்ந்த பானத்துக்கும் சாதாரண பானத்துக்கும் ஒரே விலை வைக்கச் சொன்னார். ஒரு கோடை முழுக்கக் குளிர்ச்சியாகக் குடித்தவர் அடுத்த கோடையில் வெதுவெதுப்பான பானத்தைத் தொடமாட்டார் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது.

இந்தப் பழக்கம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கியூபாவின் கரும்புத் தோட்டங்களும் அமெரிக்கத் தெற்கின் பருத்தி வயல்களும் அன்று அடிமைகளின் உழைப்பில் ஓடின. டூடரின் ஐஸை வாங்கியவர்கள் அந்த உழைப்பில் கொழுத்தவர்கள். வெயிலில் நின்றவருக்கும் குளிர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது.

1825-ல் டூடரின் பக்கம் வந்து சேர்ந்தவர் நதானியேல் வைத். குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையை உருவாக்கியவர் அவர். உறைந்த ஏரிமேல் அது கட்டம் கட்டமாகக் கோடு கிழிக்கும். பிறகு ஒரே அளவு கட்டிகளாகப் பெயர்த்து எடுக்கலாம். ஒரு டன் ஐஸ் வெட்டும் செலவு 30 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாக இறங்கியது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இருந்தது. ஒரே அளவுக் கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். இடைவெளி இல்லையென்றால் காற்றுபடும் பரப்பு குறையும். பரப்பு குறைந்தால் உருகுவதும் குறையும்.

நான்கு மாதக் கடல் பயணம்

1833 மே 12. பாஸ்டன் துறைமுகத்திலிருந்து டஸ்கனி என்ற கப்பல் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. உள்ளே மரத்தூளுக்கு நடுவே 180 டன் ஐஸ். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து வரவேண்டும். செப்டம்பரில் கப்பல் ஹூக்ளி ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது, சுமார் 100 டன் ஐஸ் மிச்சம் இருந்தது.

இந்தியாவில் குளிர்ச்சிக்கு அதற்கு முன்னால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. நம் மண்பானை இருக்கிறது. அதன் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்துக் குளிரூட்டும் முறை முகலாயர் காலத்திலேயே இருந்தது. வங்காளத்தில் குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண்சட்டிகளில் நீரை வைத்துச் சேறுபோன்ற ஐஸை எடுத்தார்கள். ஆனால் கண்ணாடிபோலத் தெளிவான, கையால் தூக்க முடியாத பெரிய கட்டியைக் கல்கத்தா அப்போதுதான் பார்த்தது. அரசு சுங்கவரியைத் தள்ளுபடி செய்தது. வெயில் படாமல் இரவில் இறக்கிக்கொள்ள அனுமதியும் கொடுத்தது.

கல்கத்தா வியாபாரம் டூடரைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. ஏனென்றால் இதே காலத்தில் காபி வணிகத்தில் ஊக பேரம் செய்து 2 லட்சம் டாலருக்கு மேல் கடனில் விழுந்தார். ஏற்கெனவே ஜெயிலைப் பார்த்தவர், 50 வயதில், மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார். அதே 1834-ல் 19 வயது யூஃபீமியா ஃபென்னோவைத் திருமணமும் செய்துகொண்டார். ஐஸை விற்று விற்று அந்தக் கடனை அடைக்கச் சுமார் 15 ஆண்டுகள் ஆனது.

மெரினா கடற்கரையில் ஒரு கிடங்கு

கல்கத்தா, பம்பாய்க்குப் பிறகு மெட்ராஸ். 1842 வாக்கில் கடற்கரையோரம் எழுந்தது அந்த வட்ட முகப்புக் கட்டடம். இன்று அதை விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கிறோம். திருவல்லிக்கேணி பக்கம் ஐஸ் ஹவுஸ் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் இன்றும் கண்டக்டர் கொடுப்பார்.

மெட்ராஸில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு எல்லாம் மசூலா படகுகளில்தான் கரைக்கு வரும். இந்தக் கரையில் ஐஸை இறக்குவது எவ்வளவு அவசர வேலை என்று சொல்லத் தேவையில்லை. கடற்கரையை ஒட்டியே கிடங்கு அமைந்ததற்குக் காரணமும் அதுதான். ஒவ்வொரு நிமிடமும் சரக்கு தண்ணீராகிக்கொண்டிருக்கும்.

இந்த ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாஸ்டன் சுற்றுவட்டார ஏரிகளிலிருந்து. 1846-47 குளிர்காலத்தில், எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ தங்கியிருந்த வால்டன் குளத்திலும் டூடரின் ஆட்கள் ஐஸ் வெட்டினார்கள். தோரோ 1854-ல் வெளியிட்ட வால்டன் நூலில், அந்தக் குளத்து நீர் மெட்ராஸ்வரை போய்ச்சேர்வதைப் பற்றி வியந்து எழுதினார்.

டூடர் மெட்ராஸுக்கு வந்ததே இல்லை. இங்கே ஐஸை வாங்கியவர்களும் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள், வசதி படைத்த இந்தியர்கள். மருத்துவமனைகளில் காய்ச்சலைத் தணிக்கவும் பயன்பட்டது. மற்றபடி திருவல்லிக்கேணியின் சாதாரண வீட்டுக்கு மண்பானைதான்.

இப்போது அந்த டன் கணக்கு

ஒரு கிலோ ஐஸ், பூஜ்யம் டிகிரியிலேயே இருந்துகொண்டு தண்ணீராக மாற, 334 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சும். வெப்பநிலை ஏறாமலே வெப்பத்தை விழுங்கும் இந்தத் திறன்தான் ஐஸின் மதிப்பு. அமெரிக்காவில் ஒரு டன் என்பது சுமார் 907 கிலோ. அந்த 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்குமோ, அதுவே ஒரு டன் ஏசி. வினாடிக் கணக்கில் பார்த்தால் சுமார் 3.5 கிலோவாட். ஐஸ் போய் மெஷின் வந்தபோது, வாங்குபவர்களுக்குப் புரிவதற்காக ஐஸ் கணக்கிலேயே மெஷினின் திறனைச் சொன்னார்கள். குதிரை போனபிறகும் ஹார்ஸ்பவர் இருப்பதுபோல.

ஒன்றரை டன் ஏசி ஒரு நாள் முழுக்க முழுத்திறனில் ஓடினால், சுமார் 1,360 கிலோ ஐஸ் உருகியதற்குச் சமம். டஸ்கனி கப்பலில் ஏற்றிய 180 டன்னை இந்தக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். 120 நாள். ஒரு கப்பல் முழுக்க ஐஸ், ஒரு படுக்கையறை ஏசிக்கு நான்கு மாதம்! அந்தக் கப்பல் கடலில் இருந்ததும் ஏறக்குறைய அதே நான்கு மாதம்தான்.

மெஷின் வந்தது, ஐஸ் கிங் போனார்

டூடரின் ஐஸ் கல்கத்தாவைத் தொட்ட அடுத்த ஆண்டே, 1834-ல், லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் என்பவர் திரவத்தை ஆவியாக்கிக் குளிரூட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஏசிக்கு மூதாதை அது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்ற மருத்துவர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க ஆசைப்பட்டு, ஐஸ் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 1851-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் முதலீடு கிடைக்கவில்லை. ஐஸ் வியாபாரிகள், குறிப்பாக டூடர், தனக்கு எதிராக வேலை செய்வதாகச் சந்தேகப்பட்டார். அது நிரூபணம் ஆகவில்லை. 1855-ல் கோரி நொடித்துப்போய் இறந்தார்.

டூடர் 1864 பிப்ரவரி 6 அன்று பாஸ்டனில், 80 வயதில், பெரும் பணக்காரராகக் காலமானார். அதற்குப் பிறகு சுமார் பத்து வருடம்தான்; 1874-ல் மெட்ராஸிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனி வந்துவிட்டது. பாஸ்டன் ஐஸுக்கு வேலை போனது. கிடங்கை பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-ல் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஐஸ் இருந்த இடத்தில் கேஸ்

ஏசி கேஸ் எனப்படும் ரெஃப்ரிஜிரன்ட் செய்வதும் ஐஸ் செய்த வேலைதான்: நிலை மாறும்போது வெப்பத்தை விழுங்குவது. ஐஸ் உருகியது, கேஸ் கொதிக்கிறது. இன்டோர் யூனிட்டின் குழாய்களில் திரவமாக வரும் கேஸ், அறையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகும். வெளியில் இருக்கும் கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தும். அவுட்டோர் யூனிட்டின் ஃபேன் அதன் வெப்பத்தை வெளியே தள்ள, ஆவி மறுபடி திரவமாகும். குறுகலான வழி ஒன்றில் அழுத்தம் குறைந்து, சில்லென்று மறுபடி உள்ளே போகும்.

டூடரின் ஐஸுக்கும் இதற்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். ஐஸ் வேலை செய்து முடித்தால் தண்ணீராகிப் போய்விடும். அடுத்த கப்பல் வரணும். கேஸ் அப்படி இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். பெட்ரோல்போலத் தீராது.

ஆகவே, வருஷா வருஷம் கேஸ் இறங்கிடுச்சு, அடிச்சா சரியாயிடும் என்று யாராவது சொன்னால், ஒன்றைக் கேளுங்கள்: எங்கே லீக்? கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் குழாய் இணையும் நட்டில், அல்லது அரித்துப்போன காயிலில். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, சோப்பு நுரை வைத்துக் கண்டுபிடித்து, அடைத்த பிறகுதான் கேஸ் நிரப்பவேண்டும். நிரப்புவதற்கு முன் வாக்குவம் பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கணும். மெஷினின் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். தராசில் நிறுத்தே போடவேண்டும். கேஸ் கூடினாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸர் அடிவாங்கும்.

ஆனால் கூலிங் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். முதலில் ஃபில்டரைக் கழற்றித் தூசியைக் கழுவிப் பாருங்கள். அவுட்டோர் யூனிட்டின் முன்னால் துணி, அட்டைப்பெட்டி, புறாக்கூடு ஏதாவது காற்றை மறிக்கிறதா பாருங்கள். இன்டோர் காயிலில் ஐஸ் படிந்திருந்தால், காற்றோட்டம் குறைந்திருக்கிறது, அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. கூலிங்கை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகும். தண்ணீர் அறைக்குள் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைப்புதான். ஃபில்டர் கழுவியும் ஐஸ் மறுபடி படிந்தால் அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

கேஸ் ஏன் சும்மா விடும் பொருள் இல்லை?

ஆரம்பகால மெஷின்களில் ஈதர், அமோனியா, சல்பர் டை ஆக்சைடு போன்றவை ஓடின. ஒன்று தீப்பிடிக்கும், மற்றவை மூச்சைத் திணறடிக்கும். 1928-ல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் எரியாத, நச்சு குறைந்த சிஎஃப்சி வகையைக் கொண்டுவந்தார்கள். அது ஓசோன் படலத்தைத் தின்றது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அடுத்து ஆர்-22, ஆர்-410ஏ, இப்போது ஆர்-32, ஆர்-290 என்று பட்டியல் நீள்கிறது.

புது கேஸ்கள் ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் புவி வெப்பத்தைக் கூட்டுவதில் ஒரு கிலோ ஆர்-32, 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ. லீக்கை அடைக்காமல் திரும்பத் திரும்ப நிரப்புவது, பழைய மெஷினைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடுவது, இரண்டும் அடுத்த மே மாதத்தை இன்னும் சூடாக்கும் வேலை.

ஆபத்தும் உண்டு. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும். ஆர்-290 என்பது புரொப்பேன். சமையல் கேஸின் உறவுக்காரர். லீக் சந்தேகம் இருந்தால் ஜன்னலைத் திறங்கள், அறையில் நெருப்பு வேண்டாம். உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். திரவ கேஸ் தோலில் பட்டால் பனிக்காயம் ஆகும். ஒரு கேஸுக்காகச் செய்த மெஷினில் இன்னொன்றை மாற்றிப் போடுவது மிகப்பெரிய தப்பு. கேஸ் வேலை பயிற்சி பெற்றவர் வேலை. உங்கள் வேலை, சரியான கேள்வியைக் கேட்பதும் ஃபில்டரைக் கழுவுவதும்.

மறுபடி மலைக்கு

ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. தொலைதூர நட்சத்திரத்தின் மங்கலான ஒளியைப் பிடிக்கும் கருவி தானே சூடாக இருந்தால், படத்தில் இரைச்சல் சேர்ந்துவிடும். அதனால் அத்தகைய கருவிகளைத் திரவ நைட்ரஜனால் குளிர்விப்பது வானியலில் வழக்கம். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவத்தை, நடுவே வெற்றிடம் விட்ட இரட்டைச் சுவர்க் குடுவையில் வைத்திருப்பார்கள். அப்படியும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், மறுபடி ஊற்றணும்.

ஹவானாவில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக எண்ணிய டூடருக்கு இந்தக் குடுவையைக் காட்டினால், விளக்கம் எதுவும் தேவைப்படாது. வெப்பம் எந்தச் சந்து கிடைத்தாலும் உள்ளே வரும் என்பதை அவர் கடனிலும் ஜெயிலிலும் பணம் கட்டிக் கற்றுக்கொண்டார். நாம் அதையே கரன்ட் பில்லில் கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை அறை குளிரவில்லை என்றால், ரிமோட்டில் 16-க்கு இறக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கதவுக்கு அடியில் குனிந்து பாருங்கள்.